உஷார்! மானியம் வாங்க ஒரு ரூபாய் கட்டச் சொல்கிறார்களா?

கோவிலூர், காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார்களே, வெளியூரில் இருந்துகொண்டு ஊர் வீட்டுக்குக் கரண்டு பில் கட்டும் பிள்ளைகளே! "மாதம் 300 யூனிட் இலவசம், ஒரு ரூபாய் கட்டிப் பதிவு செய்யுங்கள்" என்று செல்போனுக்கு லிங்க் வந்தால் தொடாதீர்கள்.

திட்டம் என்னவோ நிஜம்தான். அதனால்தான் பயமே. வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு 2024 பிப்ரவரியில் 'பிஎம் சூர்ய கர்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கிலோவாட்டுக்கு மானியம் 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000. இந்தக் கணக்கைத் திருடனும் பிசகாமல் ஒப்பிப்பான். 2025இல் மெக்காஃபி நிறுவனம் இதே திட்டத்தின் பெயரில் உலவிய போலி ஆப் ஒன்றை அம்பலப்படுத்தியது. யூடியூப் வீடியோவில் லிங்க், தொட்டால் அரசுத் தளம் போலவே ஒரு பக்கம், அங்கிருந்து இறங்கும் ஆப். அது கேட்பது ஒரே ஒரு ரூபாய். அதைக் கட்ட நீங்கள் தட்டும் யுபிஐ பின் நம்பர்தான் அவனுக்கு வேண்டியது. போதாக்குறைக்கு, உங்கள் போனில் இருக்கும் நம்பர்களுக்கு உங்கள் போனிலிருந்தே மெசேஜ் போகும். பங்காளி அனுப்பியது என்று அவர்களும் நம்பித் தொடுவார்கள்.

நிஜமான மானியம் கடைசியில்தான் வரும். ஜிஓவி டாட் இன் என்று முடியும் அரசுத் தளத்தில் விண்ணப்பித்து, அங்கே பதிவான கம்பெனியைப் பிடித்து, கைக்காசிலோ பாங்கு கடனிலோ பேனல் மாட்டி, நெட் மீட்டர் வைத்து, மின்வாரியம் வந்து பார்த்த பிறகு உங்கள் கணக்கில் விழும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் எதற்கு?

வாசலுக்கு வரும் ஏஜென்ட்டிடமும் ஜாக்கிரதை. விலை குறைவென்று வெளிநாட்டுச் செல் வைத்த பேனலை மாட்டிவிட்டால் மானியம் கிடையாது. செல்லும் பேனலும் உள்நாட்டுத் தயாரிப்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். முற்றத்தைச் சுற்றி ஓடு சரியும் வீட்டில் மேலே ஏறிப் பார்க்காமலே எத்தனை பேனல் என்று சொல்கிறவன் சோலார்காரனே இல்லை.

நம்மூருக்கென்றே ஒரு சிக்கல். வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்குச் சொந்தம், மின் இணைப்போ காலமான ஐயா பெயரில். விண்ணப்பிக்க முதலில் அந்தப் பெயரை மாற்ற வேண்டும். "பேர் மாத்தம் நான் பாத்துக்கிறேன், ஆதாரையும் பாஸ்புக்கையும் குடுங்க ஆச்சி" என்று எவனாவது நின்றால் அனுப்பிவிடுங்கள். அது மின்வாரியத்திடம் நீங்களே விண்ணப்பித்து முடிக்கிற வேலை. பங்காளிகளின் சம்மதக் கையெழுத்துக்கு அலைவதுதான் பெரிய வேலை. அதை எந்த ஏஜென்ட்டும் செய்து தரமாட்டான்.

பின் நம்பரை ஏற்கெனவே தட்டிவிட்டீர்களா? வேறொரு போனிலிருந்து இப்போதே 1930ஐ அழையுங்கள். அடுத்த அழைப்பு பாங்குக்கு, கணக்கை முடக்க. நாளைக் காலை பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள்.