காஞ்சியிலிருந்து ஏறிய தமிழ்

தீபத்துக்குத் திருவண்ணாமலை வருகிற கூட்டத்தில் போளூர் தாண்டி ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் வரை ஏறுபவர்கள் சிலர்தான். அவர்களும் பீமன் அருவியில் குளித்து, தேனும் சாமையரிசியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மலைக்காரர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க யாருக்கும் பொழுதில்லை.

ஜவ்வாது மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லை, பேசுவது தமிழ். ஏலகிரி, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை எங்கும் இதே பெயரில்தான் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 3,57,980 பேர்.

பூர்வீகம் காஞ்சிபுரம் என்பது இவர்களின் வாய்மொழி வரலாறு. ஜவ்வாது மலைக் கதை, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் இருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சியில் வேளாளரிடம் பெண் கேட்டார்கள். மறுத்ததும் ஏழு பெண்களைத் தூக்கிப் போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் செத்ததாக நினைத்துக் கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லியிருந்தார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆறு நீந்தித் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்று ஊர் வந்தவர்களுக்கு வீட்டில் இடமில்லை. மனைவிமார் தாலி அறுத்திருந்தார்கள். வேடப் பெண்களைக் கட்டிக்கொண்டு மலையேறினார்கள்.

நடந்ததோ இல்லையோ, சமவெளியோடு உறவு முறிந்த வலி இந்தக் கதையில் இருக்கிறது. உறவு முறிந்தால் பேச்சும் தன் வழியில் போகும். உதாரணத்துக்கு, பப்புவா நியூ கினியில் கோரோகா, கைனாண்டு ஊர்களைச் சுற்றியுள்ள உயர்நிலத்தில் மட்டும் ஒரே குடும்பத்து மொழிகள் இருபதுக்கு மேல் உண்டு. நம் நீலகிரியில் தோடா, கோத்தா இரண்டும் நெருங்கிய உடன்பிறப்புகள்; ஆனாலும் ஒன்று தெரிந்தவருக்கு மற்றது புரியாது.

ஜவ்வாது மலைப் பேச்சு அவ்வளவு தூரம் விலகவில்லை. செங்கம், போளூர், ஆலங்காயம் சந்தைகளுக்கு இறங்கிவரும் வழக்கம் அறுபடாததே காரணம் என்று நினைக்கிறேன். தமிழாகவே நின்றதுதான் இப்போது அதற்கு ஆபத்தாகியிருக்கிறது. கணக்கெடுப்பில் தமிழ் என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. தனி மொழி என்றால் ஆய்வாளர் தேடி வருவார். வட்டார வழக்கு என்றால் வகுப்பில் கொச்சை என்று திருத்துவார்கள். பாட்டி பேசியதைப் பேசுவதற்குப் பிள்ளை கூச்சப்பட வேண்டியிருப்பது அநியாயம்.

கோத்தா மொழிக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். 1935இல் இந்தியா வந்த மொழியியலாளர் எமனோ நீலகிரியில் சுள்ளி என்ற கோத்தர் வாய்மொழியாகச் சொன்ன கதைகளை எழுதியெடுத்தார். அவை 1944 முதல் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. அத்தனையும் ஒரே மனிதரிடமிருந்து கிடைத்தவை. சொந்தப் பேச்சைப் பொறுமையாகச் சொல்ல ஒருவரும், ஓசை மாறாமல் எழுத ஒருவரும் கிடைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு அதுவே சாட்சி.

மலையாளிகளின் பேச்சுக்கும் முன்னோடி உண்டு. கி. கருணாகரனின் கொல்லிமலைத் தமிழ் ஆய்வை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. ஜவ்வாது மலையிலும் அப்படியொரு வேலை நடக்க வேண்டும். திருவண்ணாமலைக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்களுக்கு நம்மியம்பட்டும் கானமலையும் பஸ்ஸில் போகும் தூரம்தான். கையில் செல்போன் இருக்கிறது. உறவுமுறை, உழவு, காடு, சாமி, சாவு என்று பிரித்து மூத்தவர்களிடம் கேட்டுப் பதிந்து, புத்தகத் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். அதே கேள்விகளைக் கல்வராயனிலும் பச்சைமலையிலும் கேட்டால், மலைக்கு மலை எது மாறியது, எது காஞ்சியிலிருந்து வந்தபடியே நிற்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.