கையின் நரம்புக் கட்டிகளும் உழைப்பாளியின் கையும்

ஹந்தானை மலையடியிலே பேராதனைப் பல்கலைக்கழகமும், 1962இல் தோன்றிய அதன் மருத்துவ பீடமும் அமைந்துள்ளன. மலைமேல் 1925இல் எழுப்பப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகமாக நிற்கின்றது. பழைய இயந்திரங்களைப் பேணுதல் எளிது. அவற்றுக்குக் கொழுந்தூட்டிய கைகளைப் பேணுவது எவ்வாறு? இலக்கியத் துறையினராகிய நாம் மருத்துவப் பொருளொன்றை ஈண்டு ஆராயப் புகுவது இவ்வினாவினாலேயாம்.

புற நரம்பின் இழைகள் உறையிடப்பட்டவை. அவ்வுறையை ஆக்கும் கலங்கள் தெயோடர் சுவானின் பெயரால் வழங்குகின்றன. சிலெய்டனும் சுவானும் 1838–39இல் வகுத்த கலக் கொள்கையை, தம் நூற்றாண்டின் மூன்று பெருங் கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக ஏங்கெல்ஸ் கொண்டமை நினைவுகூரத்தக்கது. இக்கலங்கள் வரம்பின்றிப் பெருகுவதால் தோன்றுவது நரம்புறைக் கட்டி; இதனைத் தனி வகையாக 1910இல் இனங்கண்டவர் வெரோக்கே. மற்றொரு வகையான நரம்பு நார்க்கட்டியை 1882இல் ரெக்லிங்ஹவுசன் விளக்கினார். இவை பெரும்பாலும் தீங்கற்றவை, மெதுவாக வளர்பவை. கையில் தோன்றும் கட்டிகளுள் இவை மிக அருகியே காணப்படுவதால், பெருவழக்கான நீர்க்கட்டி எனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

இத்தவறு சிறியதன்று. நரம்புறைக் கட்டி நரம்பிழைகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு வளர்வது. எனவே, உருப்பெருக்கியின் துணையோடு உறையைப் பிளந்து, இழைகளைக் காத்து, கட்டியை மட்டும் தோண்டியெடுத்தல் பெரும்பாலும் இயலும். நார்க்கட்டியிலோ இழைகள் கட்டியினூடே செல்வதால் பிரித்தெடுத்தல் கடினம். நீர்க்கட்டியென எண்ணி வெட்டினால் நரம்பும் உடன் அறுபடலாம். உள்ளங்கையின் நடு நரம்பு அறுபட்டால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் உணர்விழக்கும். கொழுந்து கிள்ளும் விரல்கள் இவையே.

நரம்புக் கட்டியை உணர்த்தும் அடையாளங்கள் சில உள. கட்டியைப் பக்கவாட்டில் அசைக்கலாம். நரம்பின் நீளவாட்டில் அசைத்தல் அரிது. மெல்லத் தட்டினால் விரல்நுனி வரை மின்னோட்டம் போன்ற கூச்சம் பரவும். தொழுநோயிலும் நரம்பு தடிப்பதுண்டு. ஆயின், அது பெரும்பாலும் நீளவாட்டிலே தடிக்கும், தோலில் உணர்வற்ற திட்டுகளும் காணப்படும். அந்நோய் மருந்தால் தீர்வது. இரண்டையும் மயங்கினால், தேவையற்ற அச்சமும் ஊரொதுக்கமும் நோயாளிக்குக் கூடுதல் தண்டனையாகும்.

கொழுந்து பறிப்பதாலேயே இக்கட்டி தோன்றுகின்றது எனக் கூற எம்மிடம் சான்றில்லை. பல கட்டிகள் காரணம் அறியப்படாமல் தனித்துத் தோன்றுவன. சில பரம்பரை அலகின் மாற்றத்தால் வருவன. நார்க்கட்டிகள் பலவாகத் தோன்றும் நோயொன்றுக்குரிய பரம்பரை அலகு 1990இல் இனங்காணப்பட்டது. உடலின் ஒவ்வொரு நோயையும் உழைப்பின்மேல் நேராக ஏற்றுதல் இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமேயன்றி இயங்கியலன்று. மனிதக் கையை உருவாக்கியதில் உழைப்பின் பங்கினை 1876இல் எழுதிய கட்டுரையில் ஏங்கெல்ஸ் ஆராய்ந்தார். கட்டியின் தோற்றத்தை உயிரியல் விளக்கும். அக்கட்டி ஒருவர் வாழ்வில் பெறும் பொருளை வர்க்க நிலையே தீர்மானிக்கும்.

மேசையில் எழுதுபவருக்கு விரல்மரப்பு ஓர் இடையூறு. உழைப்புச் சக்தியன்றி விற்பதற்கு வேறொன்றும் இல்லாத தோட்டப் பெண்ணுக்கோ அது நிறைக் குறைவு. நிறை குறைந்தால் அரைப்பேர். சத்திரசிகிச்சைக்கும் அதன்பின் சில காலம் நீடிக்கக்கூடிய மரப்புக்கும் சம்பளமற்ற நாள்கள் தேவைப்படும். அதனாலேயே வலி பொறுக்கப்படுகின்றது, கட்டியும் வளர்கின்றது. தாமதத்தை அறியாமை என்று மட்டும் பெயரிடுவோர், பெரட்டுக்களத்துக் கணக்கை நோக்காதவராவர்.

மொழியும் இங்குக் குறுக்கிடுகின்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1860களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அம்மரபு கலைச்சொல் ஆக்கத்தோடு நின்றுவிடலாகாது. தன் கையில் கத்தி படுமுன், “இது நரம்பிலுள்ள கட்டியா? நரம்பைக் காக்க முடியுமா?” எனத் தோட்டப் பெண்ணொருத்தி தன் மொழியிற் கேட்டு, தன் மொழியில் விடை பெறவேண்டும். ஹந்தானையின் அடிவாரத்து அறிவு மேலேயுள்ள லயங்களைச் சென்றடைந்தது என அன்றே நாம் கூறலாம்.