தூதர் இரண்டாம் முறையும் வந்தார்



கார்மேல் மலையில் வெற்றி கண்ட இறைவாக்கினர் எலியா, அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடினார். அங்கே சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு மன்றாடினார் (1 அரசர்கள் 19). ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், தூதர் வழியாக அப்பமும் நீரும் அளித்தார். எலியா மீண்டும் படுத்துக்கொண்டபோது தூதர் இரண்டாம் முறையும் வந்தார்.

இத்தகைய சோர்வு சிறுவர்களையும் வாட்டுகின்றது. போரில் தந்தையை இழந்த வீடு, தாய் மத்திய கிழக்கில் உழைக்கும் வீடு, 2022இன் பொருளாதார நெருக்கடியில் கடனில் மூழ்கிய வீடு: இவற்றில் வளரும் பிள்ளை தன் துயரத்தைச் சொல்ல வார்த்தையின்றித் தவிக்கலாம். பிள்ளைகளிடம் மனச்சோர்வு கண்ணீராக மட்டுமன்றி எரிச்சலாகவும் வெளிப்படலாம். காரணம் தெரியாத வயிற்றுவலி, தலைவலி, உறக்கமின்மை, விளையாட்டில் வெறுப்பு, படிப்பில் பின்னடைவு ஆகியவையும் அதன் அடையாளங்களே. நாமோ சோம்பேறி என்றும் அடங்காப்பிள்ளை என்றும் பெயர் சூட்டிவிடுகின்றோம்.

இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரை நாடவேண்டும். இது பாவமன்று; விசுவாசக் குறைவுமன்று; குணப்படுத்தக்கூடிய நோய். நோயுற்றவர் செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்பதே சீராக்கின் ஞானம் (அதிகாரம் 38) தரும் போதனை. உளவளத்துணையும் குடும்பத்தின் அரவணைப்பும் பெரிதும் உதவும். தேவையெனில் வைத்தியர் மருந்தும் தருவார். சாவைப் பற்றிப் பிள்ளை பேசினால் அஞ்சாது, கனிவோடு நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் வளராது. அப்பிள்ளையைத் தனியே விடாது உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் அங்கே செல்லும் பஸ் கட்டணமும், இழக்கும் ஒருநாள் கூலியும் ஏழைத் தாய்க்குப் பெருஞ்சுமை. முதல் முறை சென்றவர்கள் அடுத்த முறை செல்லாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிகிச்சையோ மாதக்கணக்கில் தொடரவேண்டியது.

இங்குதான் பங்குச் சமூகத்தின் கடமை தொடங்குகின்றது. உங்கள் அன்பியத்தில் அத்தகைய பிள்ளை ஒன்று உண்டா? அத்தாயுடன் ஒருவர் துணைக்குச் செல்லலாம். பயணச் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். வீட்டிலிருக்கும் சிறியவர்களை அயலவர் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த தவணைத் திகதியையும் மறவாது குறித்துவைத்து, அன்றும் அவ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.