இடம் மாறிய இருதயக் குழாய்

உடலெங்கும் இரத்தத்தை அனுப்பும் இருதயம், தனக்கு வேண்டிய இரத்தத்தைக் கொரோனரி தமனிகள் என்னும் இரு சிறு குழாய்களின் வழியாகவே பெறுகிறது. இவை பெருந்தமனியின் அடியிலிருந்து கிளம்ப வேண்டியவை. ஏறத்தாழ 3,00,000 குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் இடது கொரோனரி தமனி வழிதவறி, நுரையீரல் தமனியிலிருந்து கிளைத்துவிடுகிறது. 1933-இல் இந்நோயை விவரித்த பாஸ்டன் நகர மருத்துவர்கள் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் ஆகிய மூவரின் பெயரால் இது வழங்குகிறது.

கருப்பையில் இருக்கும்வரை குழந்தைக்குத் தீங்கில்லை; அங்கே இரு பெருங்குழாய்களிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. பிறந்த பின் நுரையீரல் விரிய, அதன் தமனியில் அழுத்தம் தணிகிறது. அப்பொழுது வலது தமனி கொணரும் நல்ல இரத்தம், இருதயத் தசைக்குப் பயன்படாமல், இடது தமனியின் வழியே பின்னோக்கி ஓடி நுரையீரல் தமனியில் கலந்துவிடுகிறது. வயலுக்கு வந்த நீர் வடிகாலில் இறங்குவதை இதற்கு ஒப்பிடலாம். பாலருந்தும்போது குழந்தை வியர்த்து, மூச்சிரைத்து, வீறிட்டழும். அதை வெறும் வயிற்றுவலி என்று நாம் எண்ணிவிடுவதும் உண்டு. சிகிச்சையின்றேல் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை.

இரத்தம் பின்னோக்கியே ஓடுகிறது என்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் சாபிஸ்டன் முதலானோர் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினர். அக்குழாயைப் பிறப்பிடத்தில் கட்டிவிடுவது முந்தைய முறை. கசிவு நின்றது, ஆயினும் இருதயம் ஒற்றைக் குழாயையே நம்பி வாழ நேர்ந்தது.

இக்காலத்தில் குழாயின் வாயைச் சுற்றிலுமுள்ள சுவரோடு பொத்தான்போல் வெட்டியெடுத்துப் பெருந்தமனியில் தைக்கின்றனர். சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. தைக்கும் பொழுது இருதயத்தை நிறுத்திவைக்கும் மருந்து நீரைப் பெருந்தமனியில் மட்டும் செலுத்தினால், அது இடது தமனிக்குச் சரிவரச் சேராது நுரையீரல் பக்கம் ஓடிவிடும். ஆகவே நுரையீரல் தமனியின் கிளைகளை இறுக்கிப் பிடித்தோ, அத்தமனியிலும் மருந்தைச் செலுத்தியோ தசையைக் காக்க வேண்டும். குழாயின் வாய் பெருந்தமனிக்கு எட்டாத பக்கத்தில் அமைந்திருந்தால் சங்கடம் பெரிது. இழுத்துத் தைத்தால் குழாய் நெரியும். இத்தகைய குழந்தைகளுக்காக ஜப்பானியரான தகேயுச்சி, 1979-இல், நுரையீரல் தமனியின் உள்ளேயே ஒரு சுரங்கவழி அமைக்கும் முறையை வெளியிட்டார். பின்னாளில் அவ்வழி கசிவதும், நுரையீரல் தமனி குறுகுவதும் இதன் குறைகள். இயலுமிடத்து நேரே இடமாற்றுவதே மேல் என்பது நம் கருத்தும்.

தைத்து முடித்தவுடன் இருதயம் துடிப்பினும், நலிந்த தசை சில நாட்கள் வலுவின்றி இருக்கக்கூடும். அந்நாட்களில் இயந்திரத்தின் துணை தேவைப்படுவதும் உண்டு. இரத்தம் உரிய வழியில் பாயத் தொடங்கினால், பெருத்திருந்த இருதயம் மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கி வலிமை பெறுகிறது; கசிந்துகொண்டிருந்த மைட்ரல் வால்வும் பலரிடம் தானே சீரடைகிறது.