சர்க்கரையைக் கொட்டு, உறையை வை!

காபியோடு ஓட்டல் மேஜைக்கு வரும் சர்க்கரை பாக்கெட்டைச் சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது, அதுவும் உலகம் முழுக்க. வீட்டுக்கு வந்ததும் அவர்கள் செய்கிற முதல் காரியம் சர்க்கரையை வெளியேற்றுவது. பாக்கெட்டின் பின்பக்கம், ஒட்டுவிளிம்பை ஒட்டினாற்போல் பிளேடால் ஒரு சின்னக் கீறல். தலைகீழாகப் பிடித்து விரலால் நாலு தட்டு. ஒரு ஸ்பூன் சர்க்கரை டப்பாவுக்குள் போய்விடும். உள்ளே ஒட்டியிருக்கும் துகளை மெல்லிய பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, தாளைத் தடவித் தட்டையாக்கி ஆல்பத்தின் பிளாஸ்டிக் அறைக்குள் செருகினால் வேலை முடிந்தது.

அப்படியே வைத்தால் என்ன? எறும்பு வரும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துச் சர்க்கரை கல்லாகிப்போகும், தாளில் கறை ஊறும். இந்தப் பொழுதுபோக்கில் சர்க்கரைதான் எதிரி! ஆனாலும் ‘முழுசாக இருந்தால்தான் அது பாக்கெட், இல்லையென்றால் வெறும் காகிதம்’ என்று சொல்லும் கட்சியும் உண்டு. தாள் சுற்றிய சர்க்கரைக் கட்டிகளைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்சி. நான் காலி பாக்கெட் பக்கம்தான். காரணம் தபால். ஒரே மாதிரி இரண்டு கிடைத்தால் ஒன்றை இன்னொரு நாட்டுக்காரருக்கு அனுப்பி மாற்றிக்கொள்வதில்தான் பாதி சுவாரஸ்யமே. வெள்ளைப் பொடி நிரம்பிய குட்டிக் குட்டி பாக்கெட்டுகளாகக் கவரில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பினால், பிரித்துப் பார்க்கும் சுங்க அதிகாரி என்ன நினைப்பார்?

தாள் சுற்றிய சர்க்கரைக் கட்டி என்றேனே, அதற்கு ஒரு சொந்த ஊர் உண்டு. இன்றைய செக் குடியரசில், மொராவியா பகுதியில் இருக்கும் டாச்சிட்சே என்ற சிற்றூர். கட்டி வருவதற்கு முன்பெல்லாம் ஐரோப்பாவில் சர்க்கரை கூம்பு வடிவத்தில், பாறை மாதிரி இறுகிய பாளமாக வரும். இன்னும் வெள்ளையாகத் தெரியட்டும் என்று நீலத் தாளில் சுற்றி விற்பார்கள். அந்தத் தாளை ஊறவைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றிய சிக்கனக்காரப் பெண்களும் இருந்தார்கள். சர்க்கரை உறையைத் தூக்கி எறியாத பரம்பரை அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கூம்பை உடைக்கச் சுத்தியலும் இடுக்கியும் வேண்டும். 1841-ல் டாச்சிட்சே சர்க்கரை ஆலையின் நிர்வாகி யாக்குப் கிறிஸ்டோஃப் ராட் வீட்டில், அவர் மனைவி யூலியானா உடைக்கும்போது விரலில் காயம் பட்டுக்கொண்டார், இதற்கு ஒரு வழி பண்ணக் கூடாதா என்று கணவரைக் கேட்டார் என்பது கதை. ராட் அச்சுகளில் சர்க்கரையை அழுத்திக் கட்டியாக்கும் கருவியைச் செய்தார். 1843 ஜனவரி 23 அன்று காப்புரிமையும் கிடைத்தது. இன்று அந்த ஊரில் கட்டிக்கு நினைவுச்சின்னமே இருக்கிறது: வெள்ளைவெளேரென்று ஒரு கல் கனசதுரம்.

பாக்கெட்டின் கதை நியூயார்க்கின் புரூக்ளினில். கடற்படைத் தளத்துக்கு எதிரே சிற்றுண்டிக் கடை வைத்திருந்தார் பெஞ்சமின் ஐசன்ஸ்டாட். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கூட்டம் கலைந்தது, வியாபாரம் படுத்தது. டீத்தூள் பை தயாரிக்கும் இயந்திரத்தோடு புதுத் தொழிலில் இறங்கினார். மேஜைமேல் இருக்கும் சர்க்கரைக் குப்பி அடைத்துக்கொள்கிறதே என்று அவர் மனைவி பெட்டி சலித்துக்கொண்டதுதான் பொறி என்பார்கள். டீத்தூளுக்குப் பதிலாக அதே இயந்திரத்தில் சர்க்கரையைப் போட்டால்? போட்டார், வந்தது. காப்புரிமை வாங்காமலே பெரிய சர்க்கரைக் கம்பெனியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் பார்த்தார்கள், பிறகு தாங்களே செய்துகொண்டார்கள். மனிதர் விடவில்லை. 1957-ல் சாக்கரின் கலந்த ‘ஸ்வீட் அண்ட் லோ’ என்ற செயற்கை இனிப்பை, சர்க்கரையோடு குழம்பிவிடாமல் இருக்க இளஞ்சிவப்பு பாக்கெட்டில் கொண்டுவந்தார். அமெரிக்காவின் பத்து லட்சமாவது வணிகச்சின்னப் பதிவு அந்தப் பெயருக்குத்தான். இரண்டு கதைகளிலும் குறை கண்டுபிடித்தவர் மனைவி, பெயர் வாங்கியவர் கணவர். இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

பாக்கெட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? விளம்பரம். ஓட்டல், விமானக் கம்பெனி, காபி வறுப்பவர் எனக் கையகலத் தாளில் இடம் பிடிக்காதவர் இல்லை. கொடிகள், ராசிகள், தேவாலயங்கள் என்று வரிசையாக அச்சிடுவதும் உண்டு. வரிசையில் ஒன்று குறைந்தால் தூக்கம் வராது. நான் அதிகம் ரசிப்பது செத்துப்போன பெயர்களை. 1991-ல் மூடிய பான் ஆம் விமானக் கம்பெனி, 2002-ல் பறப்பதை நிறுத்திய சுவிஸ் ஏர், 1992 முடிவோடு இல்லாமல் போன செக்கோஸ்லோவாக்கியா எல்லாம் இங்கே ஆல்பத்தில் பத்திரம். தபால்தலையை ‘முதலீடு’ என்று வாங்குபவர்கள் உண்டு. இதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. போலி அச்சடிக்கவும் ஆள் இல்லை. இந்தப் பொழுதுபோக்கு கெடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

சேர்ப்பவர்களுக்கு இத்தாலி ஒரு சுரங்கம். சுகாதாரத்துக்காகத் திறந்த சர்க்கரைக் கிண்ணங்களைக் காபிக் கடைகளில் வைக்கக் கூடாது என்று 2004-ல் சட்டம் வந்தது. பாக்கெட், இல்லாவிட்டால் மூடிய குப்பி. இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. ஓட்டல்களில் ஒரு ஆளுக்கான சர்க்கரை, சாஸ் போன்றவற்றைப் பிளாஸ்டிக் உறையில் தருவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2030 ஜனவரி 1 முதல் தடை விதித்திருக்கிறது. தாள் உறைக்குத் தடையில்லை என்றாலும், பல பாக்கெட்டுகளின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் ஆலைகள் தாளையே மாற்ற வேண்டிவரலாம். பழைய ரகங்களை எடுத்து வைக்க இதுதான் சமயம்.

நாம் ஆரம்பிக்க ஐரோப்பா போக வேண்டியதில்லை. சதாப்தி ரயிலில் டீயோடு தருகிற சின்னப் பாக்கெட்டே போதும். ஒரு மரியாதை மட்டும் வேண்டும்: மேஜையில் இருப்பதை மொத்தமாக அள்ளிப் பைக்குள் போடக் கூடாது. நமக்கு ஒன்று, மாற்றிக்கொள்ள ஒன்று. அதற்கு மேல் வேண்டுமென்றால், “தம்பி, நான் இதைச் சேர்க்கிறேன், இன்னும் ரெண்டு கிடைக்குமா?” என்று சர்வரிடம் கேளுங்கள். ஒரு மாதிரிப் பார்ப்பார். பிறகு உள்ளே போய் ஒரு கைப்பிடி கொண்டுவந்து தருவார்.