மயிரிழை இடைவெளி

ஊரில் மில்லுக்குப் போய் மா அரைத்தவர்களுக்கு மாத்தூள் பறப்பது புதிதல்ல. குரோருட் பக்கத்து ஆலைகளில் வேலை செய்யும் எம்மவர் அதை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும்.

மா, சீனி, பிளாஸ்ரிக் மணி போன்றவற்றைக் காற்றுக் குழாயில் அனுப்பும் இடங்களில், தொட்டிக்கு அடியில் சுழல் வால்வு இருக்கும். உள்ளே தகடுகள் பூட்டிய உருளை சுற்றும். பொருள் கீழே இறங்கும். காற்று மேலே ஏறக்கூடாது. தகட்டு நுனிக்கும் சுவருக்கும் இடைவெளி 0.1 மில்லிமீற்றர் அளவுதான், ஒரு தலைமயிரின் தடிப்பு. உராய உராய அது அகலும், காற்று ஒழுகும், தூள் வெளியே கிளம்பும். மாத்தூள் வெடிக்கவும் கூடியது: 1878இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் மா ஆலை வெடித்து 18 பேர் மாண்டனர்.

ஆகவே சில வால்வுகளில் நுனிப் பட்டிகளைத் திருகாணியால் பூட்டியிருப்பார்கள். தேய்ந்ததும் தளர்த்தி, பட்டியைச் சற்று வெளியே தள்ளி, ஃபீலர் கேஜால் அளந்து இறுக்கலாம். சூடான பொருள் என்றால் இரும்பு விரியும். அதற்கும் இடம் விட வேண்டும். றப்பர் பட்டி காற்றை அடைக்கும், தீயை மறிக்காது.

உருளை ஆறுதலாகத்தான் சுற்றும், ஆனால் கத்தரிக்கோல் மாதிரி விரலை வெட்டும். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, திறப்பை உங்கள் சட்டைப்பையில் வைத்திருங்கள். மேலாளர் அவசரப்படுத்துகிறாரா? 2005ஆம் ஆண்டுத் தொழிற்சூழல் சட்டப்படி, உயிருக்கு ஆபத்தெனக் கருதும் வேலையை நிறுத்துவது தொழிலாளியின் கடமை. உடனே வேர்ணெஒம்புட்டைக் கூப்பிடுங்கள்.