கோப்பியும் உடலின் இயல்பும்

கோப்பி நன்றோ தீதோ எனப் பொதுவாக வினவுவதிற் பயனில்லை. அருந்துபவர் யார், எப்போது அருந்துகின்றார் என்பனவே வினாக்கள். 1819ஆம் ஆண்டளவில் ஜேர்மனிய இரசாயனவியலாளர் றுங்கே கோப்பிக் கொட்டையினின்றும் பிரித்தெடுத்த கபீன் என்னும் பொருள், உடலுக்குப் புதிய வலுவெதனையும் ஊட்டுவதன்று. விழித்திருக்குங்கால் மூளையிற் பெருகி அயர்வை உணர்த்தும் அடினோசீன் சென்று பொருந்தவேண்டிய இடத்தைக் கபீன் பற்றிக்கொள்கின்றது. களைப்பு நீங்குவதில்லை, மறைக்கப்படுகின்றது.

உட்கொண்ட கபீனிற் பாதி அகல ஏறத்தாழ 5 மணி நேரம் செல்லும். அதனைச் சிதைப்பது ஈரலிலுள்ள நொதியம். அதன் வேகம் பிறப்பிலேயே ஆளுக்காள் வேறுபடும், புகைபிடிப்போரில் மிகும், கர்ப்பிணிகளிற் பெரிதுங் குறையும். பரீட்சைக் காலத்தில், இரவிற் கோப்பி அருந்தியும் நன்குறங்கும் நண்பனைப் பின்பற்ற விரும்பும் மாணவன், அவனுடைய ஈரலையும் இரவல் வாங்கவேண்டியிருக்கும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல், நலமுள்ள வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையும் கர்ப்பிணிகளுக்கு 200 வரையும் அச்சத்துக்கிடமில்லை எனக் கூறிற்று. இஃது உச்ச வரம்பேயன்றி எவருக்கும் விதித்த அளவன்று. படபடப்பு, கைந்நடுக்கம், நெஞ்செரிவு, உறக்கமின்மை ஆகியன ஒரு கோப்பையிலேயே தோன்றுமாயின் அவருக்கு அதுவே மிகை.

ஐயுறுவோர் சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம். ஆயின் படிப்படியாகக் குறைத்தே நிறுத்தல் வேண்டும். சடுதியாக விட்டவர், அதனால் எழுந்த தலையிடி மீண்டும் கோப்பி அருந்தத் தணிவதைக் கண்டு, கோப்பியே தமக்கு மருந்தென மயங்குதல் உண்டு. தேநீரிலும் கபீன் உளதாதலின், கோப்பியை விட்டுத் தேநீரை இரட்டித்தல் சோதனையாகாது.